பெத்தணன் இறக்கி வைத்த மூட்டைகள்

சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் பெரிய தண்டவாளம் போட்ட பிறகு வந்த முதல் ஐப்பசியில், சீனி வேகன் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் கூட்ஸ் ஷெட்டின் சங்கக் கொட்டகை வாசலில் பெத்தணனின் வலி ஒரு மூட்டையாக வந்து இறங்கியது. கொக்கி படாத புதுச் சாக்கு. வாயைச் சணலால் தைத்திருந்தது. தையல் முடிகிற மூலையில், பெத்தணன் மூட்டை இழுக்கிற தன் கொக்கியின் மரப்பிடியில் செதுக்கி வைத்திருந்த அதே மீன், கறுப்பு மையில் இருந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை கிடப்பது அதிசயமில்லை, மூட்டை கிடக்காத நாளில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த ஷெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது அங்கே போகிறவர்கள் வண்டி நிறுத்துமிடத்தையும் டோக்கன் கொடுக்கிற கூண்டையும்தான் பார்ப்பார்கள். சரக்கெல்லாம் லாரியில் வந்து லாரியில் போகிறது, லாரிக்காரனுக்குச் சங்கம் கிடையாது. அந்தக் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே சீனியும் சிமெண்டும் யூரியாவும் மத்தியப் பிரதேசத்துக் கோதுமையும் மலை மாதிரி இறங்கும். விடிகிற நேரத்தில் எங்கள் ஆட்கள் சாக்குத் துணியைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து வருவதைப் பார்த்தால் ஒரு தேசமே எழுந்து வேலைக்குப் போகிற மாதிரி இருக்கும். நூறு கிலோ சீனி மூட்டையை இருவர் தூக்கி ஒருவன் முதுகில் ஏற்றிவிடுவார்கள். ஏறிய மூட்டை சரக்குக் கிட்டங்கிக்குப் போய்ச் சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. நடுவழியில் எவனுக்காவது இடுப்பு விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நின்று “தோளேய்” என்று கூப்பிடுவான். அந்தச் சத்தம் காதில் விழுந்தவன் எந்தச் செட்டுக்காரனாக இருந்தாலும், முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டவனின் சட்டையைப் பிடித்து உலுக்கியவனாகவே இருந்தாலும், பக்கத்தில் போய்க் குனிந்து தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். மூட்டை மண்ணைப் பார்க்காமல் ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்கு உருண்டு போய்விடும். கூப்பிட்டவன் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த மூட்டைக்குத் திரும்பிவிடுவான்.

இது எழுதாத விதி. எழுதிய விதி ஒன்றும் இருந்தது. ஒரு செட்டுக்கு வந்த சுமையை இன்னொரு செட்டுக்குக் குறைந்த கூலிக்குக் கொடுத்து எங்களை எங்களோடேயே மோதவிட்ட காண்டிராக்டர்களை ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்டவாளத்தில் உட்கார்ந்து தோற்கடித்தோம். அந்த வெற்றியின் ஞாபகமாக, கொட்டகைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் நான் எழுதினேன்: அடுத்தவன் சுமையைத் தொடாதே, உன் சுமையை விடாதே. அந்தப் போராட்டத்தில் போலீஸ்காரன் என் இடது முழங்காலை உடைத்தான். முழங்கால் போனாலும் எழுத்து நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவனில்லை, ரோட்டில் விழுந்து கிடந்த துண்டறிக்கைகளை எழுத்துக் கூட்டிப் படித்தவன். அதனால்தான் இரண்டு வரிக்கு மேல் தேவைப்படாமல் எழுத எனக்கு வரும்.

பெத்தணன் எங்கள் இரண்டாம் செட்டு ஆள். நல்ல உயரம், நெஞ்சு அகலம், வாய் அதைவிட அகலம். அவன் “தோளேய்” என்று கூப்பிட்டால் அதில் ஒரு இழுப்பும் ஒரு குழைவும் இருக்கும். எதிர்ப்பக்க நடைமேடையில் ரயிலுக்கு நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தெம்பு எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தோள் மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும், வயசான ஆட்கள் கூப்பிடக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் அவனே முதலில் கூப்பிட்டுவிடுவான். இளவட்டமே கூப்பிட்ட பிறகு கிழவனுக்கு என்ன வெட்கம், அவர்களும் கூப்பிடுவார்கள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் பெண்சாதி சீனியம்மாள்தான் ஒருமுறை சொன்னாள், வீட்டில் குடத்தைத் தூக்கும்போதுகூட அப்படிக் கூப்பிட்டுத் தன்னைச் சிரிக்க வைப்பான் என்று.

வேகனுக்கும் மேடைக்கும் நடுவே போட்ட நடைபலகை, பெரிய தண்டவாளம் வந்த பிறகு உயரம் சரியாக அமையாமல் ஆடிக்கொண்டே இருந்தது. மாற்றச் சொல்லித் துண்டறிக்கை போட்டேன். மாற்றவில்லை. ஒருநாள் அது சறுக்கியதில் பெத்தணன் சிமெண்ட் மூட்டையோடு வலப்பக்கமாக விழுந்தான். டவுனில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று மஞ்சள் மாத்திரை ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் பெத்தணன் மூக்காண்டியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வலது இடுப்புக்குள் எவனோ கொக்கியை மாட்டித் திருகுகிறான் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மாத்திரை போட்ட மறுநாள் பெஞ்சிலிருந்து எழுந்து போனவன் நேராகப் போய் மூட்டைக்கு முதுகைக் காட்டினான். அன்றைக்குத்தான் அந்த மீன் அடையாள மூட்டை கொட்டகை வாசலில் வந்து இறங்கியது.

அது என்ன சரக்கு என்று கண்டுபிடித்தது மூக்காண்டி. டீ கொண்டுவந்தவன் சாய்ந்து நிற்க இடமில்லாமல் அதன் மேல் சாய்ந்தான், சாய்ந்த வேகத்தில் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்து யோசித்துவிட்டு, “இது நம்ம பெத்தணன் வலியேதான், கொக்கி போட்டுத் திருகுற மாதிரியே இருக்கு” என்றான். நாங்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்து பார்த்தோம். அவனுடையதுதான். மாத்திரை வலியைக் கொன்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அது இறக்கி மட்டும்தான் வைத்திருந்தது. பெத்தணன் வந்து பார்த்து, தன் அடையாளத்தைத் தடவி, “கெடக்கட்டும், எங்க போயிரப் போகுது” என்று சிரித்துவிட்டு வேகனுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் ஒரு மூட்டை வந்தது. அதுவாகவே அடுக்கில் ஏறி, நாங்கள் அடுக்குவதைவிட நேர்த்தியாக, நெடுக்கும் குறுக்குமாக அமர்ந்துகொண்டது. ஊரும் அதற்குப் பழகிக்கொண்டது. கஞ்சா என்று யாரோ சொல்லிப் போலீஸ்காரர் ஒருவர் வந்து தையலைப் பிரித்தார். உள்ளே வெறும் இருட்டும் வியர்வை வாடையும்தான் இருந்தன, பிரித்த தையல் அவர் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது, அவர் ஒரு வாரம் நொண்டினார். கூட்ஸ் கிளார்க், ரயில்வே இடத்தில் சரக்கு தேங்கிக் கிடப்பதாகவும் உரியவர் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும் என்றும் நோட்டீஸ் ஒட்டினார். வலிக்கு எந்த விகிதத்தில் கட்டணம் என்று எழுதிக் கேட்டேன். லீவு கிடைக்காத வாத்தியார் ஒருவர் அதில் உட்கார்ந்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போய்ப் பொய்யில்லாமல் முனகினார். கரிசல் சம்சாரிகளுக்குத்தான் அது ரொம்பப் பிரயோசனமாக இருந்தது. மழைக்கு முந்தின நாள் மூட்டைகள் ஈரம் கோத்துக் கனத்து விடும் என்று கண்டுகொண்டார்கள். விதைக்கிற காலத்தில் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்து, சாக்கைத் தொட்டுப் பார்த்து, “நாளைக்கு உண்டு” என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். வானொலி பொய் சொன்ன நாளிலும் பெத்தணனின் இடுப்பு பொய் சொன்னதில்லை.

மூட்டைகளை அங்கிருந்து அப்புறப்படுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மீன் அடையாளம் போட்டிருக்கிறது, இரண்டாம் செட்டுப் பெத்தணனுடைய சுமை, இன்னொருத்தன் தொடக்கூடாது. சுவரில் எழுதியிருந்ததை எங்கள் ஆட்கள் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு எழுதிய டாக்டர் ஊரைவிட்டே போய்விட்டார். சீட்டு போகவில்லை. மடித்து மடித்துக் கிழியப் பார்த்ததும் பெத்தணன் அதைக் கண்ணாடித் தாள் ஒட்டி அட்டை மாதிரி ஆக்கிக்கொண்டான். ரயில் நிலையத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஞானதுரையிடம் நான் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “சீட்டு இருக்கில்ல தோழரே. சீட்டு இல்லாமக் குடுத்தா நீங்களே எம்மேல நோட்டீஸ் போடுவீக” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. வலிக்கிறது என்று வந்தவனைத் திருப்பி அனுப்பத் தெரியாதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களால்தான் இந்த உலகத்தில் பாதிக் காரியம் கெட்டுப்போகிறது.

பெத்தணனுக்கு வலி இல்லை. அதனால் ஒற்றை மூட்டைக்குப் பதில் ஒன்றரை தூக்கினான், பிறகு இரண்டு தூக்கினான், கூப்பிடாமல் போனான், கூப்பிடாமல் வந்தான். காண்டிராக்டர் அவனைக் காட்டி மற்றவர்களை வேகப்படுத்தினார். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் சீட்டை இரவல் வாங்கினார்கள். கொட்டகை வாசலில் மீனுக்குப் பக்கத்தில் மற்றவர்களின் கொக்கி அடையாளங்களும் இறங்கின, கிளி வந்தது, சக்கரம் வந்தது, அரிவாள் வந்தது, பிறை வந்தது. வாசல் நிறைந்து, சுவர் மறைந்து, சுவரில் இருந்த என் எழுத்தில் ‘விடாதே’ மட்டும் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நூறு கிலோ மூட்டையை ஐம்பதாகக் குறை என்று அந்த வருஷம் நான் போட்ட துண்டறிக்கைதான் என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது, இன்றைக்கும் சொல்வேன். வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது ஒரு கையும் எழவில்லை. முதல் செட்டு மேஸ்திரி மரியாதையாகத்தான் சொன்னான், “வலிச்சாத்தானே தலைவரே கத்த முடியும். எங்களுக்கு ஒண்ணும் வலிக்கலையே.” லத்திக்கும் பசிக்கும் லாக்கப்புக்கும் உடையாத சங்கம் ஒரு மஞ்சள் மாத்திரைக்கு உடைந்தது. ஷெட்டில் “தோளேய்” என்ற சத்தம் நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறி நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியுமே, அப்படி ஒருநாள் எனக்கு உறைத்தது.

பெத்தணன் வீட்டில் வேறு கதை நடந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பு மேல் கை பட்டு, தோல் வெந்த வாடை வந்து சீனியம்மாள் இழுத்த பிறகுதான் கையைப் பார்த்தான். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, வெறும் இடுப்புக்காகப் போட்டதைப் பிறகு தூங்குவதற்காகப் போட்டான், எழுந்திருப்பதற்காகப் போட்டான், கடைசியில் எதற்காக என்று தெரியாமல் போட்டான். அவள் தோடு காணாமல் போனது. கேட்டதற்கு, கோபப்படாமல், எங்கோ தூரத்திலிருந்து பேசுகிறவன் மாதிரி, பிறகு வாங்கித் தருவதாகச் சொன்னானாம். ஞானதுரை மகள் கல்யாணத்துக்காகக் கடை அடைத்த நாளில் பெத்தணனுக்கு வியர்த்துக் கொட்டி, பல் கிட்டி, வயிறு இரண்டு பக்கமும் போய், பூட்டிய கடைக் கதவை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டு நின்றான். அதே தெருவில் போட்டிருந்த கல்யாணப் பந்தலில் இருந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யார் இவர் என்று கேட்டதற்கு, ஷெட்டில் நல்லாக் குரலெடுத்துக் கூப்பிடுகிற ஆள் என்று ஞானதுரை சொன்னார்.

மறுநாள் சீனியம்மாள் கொட்டகைக்கு வந்தாள். மீன் மூட்டைகளின் அடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வலி ஏறியிருக்க வேண்டும், ஆனால் எழவில்லை, கன்னத்தைச் சாக்கில் வைத்துக்கொண்டாள். எழுந்து வா தாயி, இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன்.

“பிடிக்கட்டும் அண்ணாச்சி. அவரு இங்கதான் இருக்காரு. வீட்டுல கெடக்கிறது வெறுஞ் சாக்கு” என்றாள்.

அவளேதான் அவனை ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் துணைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை, சீட்டைத்தான் திட்டினார். கிழிக்கப் பார்த்தார், கண்ணாடித் தாள் கிழியவில்லை, கத்தரியை எடுத்து நறுக்கினார். ஒரே அடியாக நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், பழைய வலி திரும்பி எட்டிப் பார்க்கும், அதற்கு வேறு வைத்தியமும் பயிற்சியும் இருக்கிறது, அதுவரை மூட்டைப் பக்கமே போகக் கூடாது என்றார். எந்த மூட்டை என்று நாங்கள் விளக்கவில்லை. டாக்டர்களுக்கு எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

பெத்தணன் முதல் அரை மாத்திரையைக் குறைத்த காலையில் மீன் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு மூட்டை தானாகக் கழன்று வாசற்படிக்கு உருண்டு வந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது: சரக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஏற்றிவிடுவதற்கு விதியில் தடையில்லை. இருவர் ஏற்றிவிட்டார்கள், அவன் ரயில் நிலையத் தெரு வழியாக, மருந்துக்கடையைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து போனான். வீட்டு வாசலைத் தாண்டியதும் முதுகில் மூட்டை இல்லை. அன்று முழுக்க முனகினானாம், ஆனால் டீ ஆறுவதற்குள் குடித்தானாம். டாக்டரம்மா குறைக்கக் குறைக்க ஒவ்வொன்றாகக் கழன்றது, ஒவ்வொன்றாகக் கொண்டு போனான். ஒருமுறை கேட்டடியில் தடுமாறி ஒன்றைக் கீழே வைத்துவிட்டான். அது மண்ணில் பட்ட மாத்திரத்தில் மறைந்து கொட்டகை அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது, முன்பைவிடப் பருத்து. இந்தச் சரக்கும் தரையைத் தொடக்கூடாது என்று அப்போது தெரிந்தது.

அப்படியே போயிருந்தால் வருஷம் திரும்புவதற்குள் தீர்ந்திருக்கும். ஆனால் ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் கொக்கிகளைத் தேய்த்து, சந்தனம் வைத்து, வாழையிலையில் வரிசையாகப் படுக்க வைத்துப் பொரிகடலை படைத்துவிட்டு, யார் அதிகம் தூக்குவது என்று பலம் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்த எல்லா வருஷமும் பெத்தணன்தான் ஜெயித்திருந்தான். அந்த வருஷம் அவன் தன் வலியின் ஒற்றை மூட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கிளி அடையாளக்காரன், “என்ன மாமா, பொம்பளை குடந்தூக்குற கணக்கால்ல இருக்கு” என்று கேலி செய்தான். பெத்தணனின் முகம் மாறியது. மூட்டை எண்ணிக் கூலி வாங்கிய உடம்பு அது. எதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, வேகனைத் திறந்தால் காலி செய்துதான் பழக்கம். அன்றைய மாத்திரையைக்கூடப் போடாமல், இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்துத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, மிச்சம் அத்தனையையும் ஏற்றச் சொன்னான். டாக்டரம்மா சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். டாக்டரம்மா மூட்டை தூக்கியிருக்கிறாரா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஏற்றினார்கள். சரக்கில்லை, வலி என்பதால் சரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக, தகரக் கூரையைத் தொடுகிற அளவுக்கு ஏறி நின்றது.

கொட்டு முழக்கத்தோடு புறப்பட்டான். ஊரே பின்னால் போனது. டீக்கடைவரை நன்றாகத்தான் நடந்தான். மருந்துக்கடைக்கு எதிரில், தெருவின் நட்ட நடுவில், கால் நின்றுவிட்டது. மாத்திரை இல்லாத உடம்பு உதறத் தொடங்கியது, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் நீர் ஓடியது. கொட்டுக்காரன் கொட்டை நிறுத்தினான். கீழே வைத்தால் அத்தனையும் பருத்துக்கொண்டு திரும்பிப் போகும். அப்புறம் அவன் ஆயுசுக்கும் அவற்றைத் தூக்க முடியாது, ஞானதுரையின் கடைதான் கதி. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சுற்றி நின்ற ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மனசில்லாமல் இல்லை. மீன் அடையாளம். கூப்பிடாமல் தொடக்கூடாது. நானும் அப்படித்தான் நின்றேன். விதி விதிதான், ஒருத்தனுக்காக இளக்கினால் நாளைக்குக் காண்டிராக்டர் அந்த ஓட்டை வழியாக வேகனையே ஓட்டிக்கொண்டு வருவான். அவன் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு சொல். அதை அவன் கூப்பிடவில்லை.

சீனியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“கூப்பிடுய்யா” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். “நான் முழுங்குனது. என் வலி. இதை எவன் தலையில கொண்டுபோய்க் கட்டுறது?”

“மாத்திரைதான்யா உன்னுது. வலி எப்படி உன்னுது ஆகும்? பலகையை மாத்தாதவனுது, நூறு கிலோ தச்சவனுது. இத்தனை வருஷமா எல்லாரும் சேந்து எறக்குனதுதானே. நீ மட்டும் எதுக்குத் தூக்குற?”

இதைத்தான் நான் துண்டறிக்கை துண்டறிக்கையாக எழுதினேன். படித்தவர்கள் அதில் வடை மடித்தார்கள்.

பெத்தணன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கூப்பிட்டான். பழைய இழுப்பு இல்லை, குழைவு இல்லை, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, வெட்கங்கெட்ட, அழுகிற சத்தத்தில் ஒரு “தோளேய்”.

எங்கள் ஆட்களுக்கு உடனே கால் நகரவில்லை. அவ்வளவு காலமாகக் கேட்காத சத்தம், காது அதை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் சீனியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அவனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தோளோடு தோளை ஒட்டி நின்றுவிட்டாள். எங்கள் ஷெட்டின் சரித்திரத்தில் ஒரு பெண் தோள் மாற்றியது அதுதான் முதல். உச்சி மூட்டை உருண்டு அவள் முதுகில் ஏறியது, அவள் “அம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னாள், நடக்க ஆரம்பித்தாள். அடுத்து மூக்காண்டி, டீத் தட்டை ரோட்டில் வைத்துவிட்டு ஓடினான். அடுத்து, கல்லாவைத் திறந்தது திறந்தபடி விட்டு, செருப்பில்லாமல், அட்டைப் பெட்டிக்கு மேல் எதையும் தூக்கியறியாத ஞானதுரை கடைப் படியிறங்கி வந்து, எப்படிக் குனிவது என்று தெரியாமல் தொழுகிற மாதிரிக் குனிந்தார். பெத்தணன், அந்த நிலைமையிலும், “முதுகை நேரா வைங்க முதலாளி” என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். அப்புறம் மேஸ்திரி, அப்புறம் கேலி பேசிய கிளிக்காரன், லீவு கிடைக்காத வாத்தியார், முன்பு நொண்டிய போலீஸ்காரர். உடைந்த முழங்காலோடு நானும் குனிந்தேன்.

அந்த மூட்டை என் முதுகில் ஏறியபோது எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். கொக்கி திருகியது, அது எதிர்பார்த்ததுதான். அதோடு ஆடுகிற நடைபலகை இருந்தது, சிமெண்ட் தூசியில் விடிகிற வெளிச்சம் இருந்தது, எங்கள் ஆட்கள் முக்காடு போட்டு வரிசையாக வருகிற நடை இருந்தது, யாரோ ஒரு கிழவன் கூச்சத்தோடு கூப்பிடுகிற குரல் இருந்தது, மழையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றுச் சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்ட சோற்றின் உப்பு இருந்தது. அவன் வலியை இறக்கி வைத்தபோது இதையெல்லாம் சேர்த்துத்தான் இறக்கி வைத்திருந்தான். ரயில் நிலையத் தெரு நெடுக ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, ஒன்றும் தரையைத் தொடாமல், அத்தனை மூட்டைகளும் பெத்தணன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. வாசலைத் தாண்டியதும் மறைந்தன. அவனுக்குள் போனது அவன் தாங்குகிற அளவுதான். மிச்சம் தூக்கியவர்களிடமே தங்கிவிட்டது.

மறுநாள் சீனியம்மாள் அவனை மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். வீசியெறிந்த முட்டாள்தனத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, பழையபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். நடுவில் வழுக்கினான், எழுந்தான், இன்னொருமுறையும் வழுக்கினான். ஞானதுரை சீட்டின் தேதியைப் பார்க்கிற மனுஷராக மாறினார். பிறகும் சிலர் கூப்பிட்டார்கள், அவர்கள் சுமை வீடு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கூப்பிடவில்லை. அரிவாள்காரனும் பிறைக்காரனும் கடைசிவரை கூப்பிடாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஷெட்டை இடித்தபோது அவர்கள் மூட்டைகளை ஜேசிபியால் அசைக்க முடியாமல் மேலேயே சிமெண்ட் போட்டு மூடினார்கள். வண்டி நிறுத்துமிடத்தின் வடக்கு மூலையில் மேடு தட்டுவது அதனால்தான், தெரியாமல் அங்கே வண்டி நிறுத்திவிடுகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவதும் அதனால்தான். டோக்கன் கூண்டில் உட்கார்ந்திருக்கிற நரைத்த ஆள் பெத்தணன். அந்த மேட்டில் யாரையும் நிறுத்தவிட மாட்டான். அது யாருடைய இடம் என்று கேட்டால் அவர்கள் இருவர் பெயரையும் சொல்வான்.

சங்கமும் போய்விட்டது. என்னிடம் மிச்சமிருப்பது ஒரு கட்டுத் துண்டறிக்கையும் வலது இடுப்பில் ஒரு கொக்கியும்தான். ஆனால் ஐப்பசியில், வானம் வெறிச்சென்று இருக்கிற ஒரு மத்தியானத்தில், அந்தக் கொக்கி மெல்லத் திரும்பும். நான் என் வீட்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். எதிரில் ஞானதுரை வலது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடை வாசல் தட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பார். மூக்காண்டி வலது இடுப்பில் கை வைத்துக்கொண்டு விறகை மூடிக்கொண்டிருப்பான். கேட்டுக்கு அந்தப் பக்கம், வலது இடுப்பில் கை வைத்தபடி, சீனியம்மாள் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருப்பாள். கூண்டிலிருந்து பெத்தணன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்ப்பான். கூப்பிட ஒரு அவசியமும் இல்லாத அந்த நேரத்தில், தெரு முழுக்கக் கேட்கும்படி, பழைய இழுப்போடும் குழைவோடும், ஒருமுறை கூப்பிடுவான்.

அப்புறம் மழை வரும்.